கருந்துளை மாறிய வியாழக்கிழமை

ஐப்பசி மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேற்கே பொதிகைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது, மழை இல்லை. ஆய்வகச் சுவரில் தொங்கிய வெப்பமானி முப்பத்தொரு டிகிரி காட்டியது. இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் ஓடியது. அறையில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் வாயைத் திறந்து சரியானதைச் சொன்னார். மற்றவர் நான்.

இந்த ஆண்டு ஆய்வுக்குச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும், உங்களுக்கென்று ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தரவை எப்படி இறக்குவது, எப்படிச் சுத்தம் செய்வது, எந்த மென்பொருளில் எந்தக் கட்டளை என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நூற்றுப் பதினாறு பக்கம். அதில் நாற்பது நான் எழுதியது. பொறாமைக்குக் கையேட்டில் பக்கம் ஒதுக்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதை எடுத்துப் படிக்கக்கூடும் என்பதால் நம் வேலை என்னவென்று சில வரிகள். வானத்தில் சில இடங்களில் ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. விண்மீனிலிருந்து வாயு கழன்று, கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டு போலச் சேர்கிறது. வருடக்கணக்கில் ஒன்றும் நடக்காது. ஒரு நாள் அந்தத் தட்டு நிலை தடுமாறி உள்ளே சரியத் தொடங்கும். அப்போது அந்த இடம் எக்ஸ் கதிரில் பல ஆயிரம் மடங்கு பிரகாசமாகிவிடும். இதைச் சீற்றம் என்கிறோம். சீற்றத்தின் தொடக்கத்தில் ஒளி நிலையாக நிற்காது, நடுங்கும். அந்த நடுக்கத்துக்குள் ஏறத்தாழச் சீரான ஓர் ஆட்டமும் இருக்கும். முதலில் சில விநாடிக்கு ஒரு முறை, பிறகு விநாடிக்கு ஒரு முறை, பிறகு விநாடிக்கு நான்கைந்து முறை என்று அது நாளுக்கு நாள் வேகம் கூடும். பிறகு சில மணி நேரத்தில் எல்லாம் கவிழ்ந்துவிடும். ஆற்றல் கூடிய வன் எக்ஸ் கதிர் சரியும், ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர் பெருகும், நடுக்கம் அடங்கிவிடும். இதை மாற்றம் என்கிறோம். அந்தச் சில மணி நேரத்தில் ஆட்டம் என்ன ஆகிறது என்பதை முழுசாகப் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, பாடம் போக மீதி இருந்த ஒரே ஆசை அதுதான்.

மைதீன் எங்கள் துறைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது, அவருக்கு நாற்பத்தாறு. மேலப்பாளையத்துக்காரர். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, வளைகுடாவில் ஓர் எண்ணெய் ஆலையில் பதினேழு வருடம் இருந்தவர். அங்கே அவர் வேலை, பம்புகளின் அதிர்வை அளப்பது. ஓடுகிற பம்பின் மேல் ஓர் உணர்கருவியை ஒட்டி, அதிர்வைப் பதிவு செய்து, அதை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்து, எந்தப் பம்பு எந்த வாரம் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னது தப்பினால் ஆலை நிற்கும். தாயாருக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊர் திரும்பியவர், எங்கள் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தார். அவருக்கு முனைவர் பட்டம் இல்லை. எனக்கு இருந்தது. இதை நான் எத்தனை முறை நினைத்துக்கொண்டேன் என்பதற்கு மட்டும் என்னிடம் எண்ணிக்கை இல்லை.

அவர் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அப்போது நான் ஒரு கருந்துளையின் தரவில், கடிகாரம் போலச் சீராகத் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டிருந்தேன். கருந்துளைக்குப் பரப்பு என்று ஒன்று கிடையாது. பரப்பு இல்லாதது அப்படித் துடிக்க முடியாது. அப்படித் துடித்தால் பாடப்புத்தகத்தை மாற்ற வேண்டும். பத்தொன்பது நாள் சரிபார்த்தேன். பதினான்கு பக்கக் கட்டுரை எழுதி, மறுநாள் அனுப்புவதாக இருந்தேன். மைதீன் என் அறைக்கு வந்தது பேட்டரியில் தண்ணீர் ஊற்ற.

வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி, கோடு இவ்வளவு ஒல்லியா நிக்குது?"

"அதுதான் வே கண்டுபிடிப்பு. கருந்துளை துடிக்குது."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "தள்ளாடுத பம்புக்கு இவ்வளவு சுத்தமா கோடு வராது அண்ணாச்சி. அகலமா, அழுக்காத்தான் வரும். இது பக்கத்துப் பம்பு. தரை வழியா இங்கன வந்து கேக்குது."

"வானத்துல ஏது வே தரை?"

"தரை இல்ல, சரி. உங்க செயற்கைக்கோளோட கண்ணு எம்புட்டு அகலம்? பக்கத்துல வேற யாரும் இருந்தா சேத்துதானே பாக்கும்?"

அந்தக் கோளில் இருக்கும் கருவி ஒரே நேரத்தில் இரண்டு முழுநிலவு அகலத்துக்கு வானத்தைப் பார்க்கும். அவர் போன பிறகு பட்டியலை எடுத்தேன். கருந்துளையிலிருந்து ஒரு நிலவு அகலம் தள்ளி, பலரும் பல ஆண்டுகளாக அறிந்த ஒரு துடிப்பு விண்மீன் இருந்தது. நான்காவது தசமத்தானம் வரை கணக்கு ஒத்துப்போனது. என் பத்தொன்பது நாளும் பதினான்கு பக்கமும் ஒரு பக்கம்; "பக்கத்துப் பம்பு" என்ற இரண்டு சொல் ஒரு பக்கம்.

மறுநாள் அவர் கேட்டார்: "பாத்தீங்களா அண்ணாச்சி?"

"ம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு," என்றேன். இருந்ததில்லை.

சமிக்ஞை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். இது கையேட்டில் அறுபத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. நான்தான் சேர்த்தேன். யார் சொன்னது என்று சேர்க்கவில்லை.

உலகத்தின் முன் அவமானப்படாமல் என்னைக் காப்பாற்றியவர் அவர். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. அதன்பிறகு நான் எதையெல்லாம் எண்ணினேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு வாரத்தில் சந்தேகம் கேட்க அவர் மேசைக்குப் போன மாணவர்கள் இருபத்து மூன்று. என் மேசைக்கு ஒன்பது. தேநீர் வேளையில் அவர் பேச்சுக்கு எழுந்த சிரிப்பு சராசரியாக ஆறு. என் பேச்சுக்கு ஒன்று, அதுவும் துறைத் தலைவியின் மரியாதைச் சிரிப்பு. வாயிற்காவலர் முதல் முதல்வர் வரை எல்லோரையும் அவர் அண்ணாச்சி என்றார். அந்த வரிசையில் நானும் ஒருவன் என்பது எனக்கு உறுத்தியது. ஒளியின் நடுக்கத்தைத் திரையில் ஓடவிட்டு, நடுவிரலால் மேசையில் பையத் தட்டிக்கொண்டே பார்ப்பார். சற்று நேரத்தில், "இங்கன ஒரு ஆட்டம் இருக்கு, பாருங்க," என்பார். நான் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அங்கேயே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு மேசைதான் கேட்டது.

இனி அந்த ஐப்பசிக்கு வருகிறேன்.

நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றில், ஒரு குறிப்பிட்ட கருந்துளை சீறினால் அவசரமாக அதன் பக்கம் திரும்பிப் பார்க்கும்படி கேட்க எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரே ஒரு முறை கேட்கலாம். நாற்பதாயிரம் விநாடி கிடைக்கும். கோள் பூமியைச் சுற்றும்போது பாதி நேரம் பூமி மறைத்துவிடும் என்பதால், அதைப் பார்த்து முடிக்க ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். கேட்ட உடனே கோள் திரும்பாது. திட்டமிட்டுத் திருப்ப நாற்பத்தெட்டு மணி நேரம் வேண்டும். ஆகவே, மாற்றம் நடக்கும்போது கேட்டால் பயனில்லை. இரண்டு நாள் முன்னாலேயே கேட்க வேண்டும். ரொம்ப முன்னால் கேட்டால் எல்லோரும் பார்த்த பழைய நடுக்கம்தான் கிடைக்கும். பின்னால் கேட்டால் ஒன்றும் இருக்காது.

எந்த நிலையில் கேட்பேன் என்பதற்கு என் முன்மொழிவில் நானே ஒரு விதி எழுதியிருந்தேன். வன் கதிருக்கும் மென் கதிருக்கும் உள்ள விகிதம் ஒரு வரம்புக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் கேட்பேன் என்று. ஒரு நாள் அளவில் பிழை வரலாம். இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் நம்பலாம். எழுதியபோது நல்ல விதியாகத்தான் இருந்தது.

கருந்துளை சீறியது. வேறொரு நாட்டுச் செயற்கைக்கோள் தினம் காலையில் பத்து நிமிடம் அதைப் பார்த்து, தரவைப் பொதுவில் போட்டுவந்தது. பத்து நிமிடத்தில் மாற்றத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் ஆட்டத்தின் வேகத்தை அளக்கலாம். மைதீன் அதைத் தினம் அளந்து, ஆய்வகக் கரும்பலகையில் எழுதிவந்தார். வெள்ளி: 0.4. சனி: 0.6. ஞாயிறு: 0.9. திங்கள்: 1.4. எல்லாம் விநாடிக்கு.

திங்கள் பத்து நாற்பதுக்கு, அந்தக் கடைசி எண்ணை எழுதிவிட்டு, சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இன்னைக்கே கேட்டுருங்க."

"விகிதம் இன்னும் வரம்புக்கு மேலதான் வே இருக்கு."

"விகிதம் பைய வரும். இதப் பாருங்க. ஆட்டம் வேகமாகுது, அது சரி. வேகமாகுத வேகமும் கூடுதுல்லா. தினம் ஒண்ணரை மடங்கு. இப்படிப் போன பம்பு எதுவும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. அஞ்சத் தாண்டினா கவுந்துரும்."

"எப்போ தாண்டும்?"

அவர் பலகையில் எழுதினார்: வியாழன், மதியம் 1.00. கீழே ஒரு கோடு போட்டார்.

"இன்னைக்குக் கேட்டா புதன் சாயங்காலம் கோள் திரும்பும். வியாழன் சாயங்காலம் வரைக்கும் பாக்கும். நடுவுல மாட்டிக்கிடும், இன்ஷா அல்லாஹ்."

"பம்பு வேற, கருந்துளை வேற. உமக்கு அது தெரியணும்."

"வேறதான் அண்ணாச்சி. ஆட்டம் ஒண்ணுதான்."

"முன்மொழிவுல நான் எழுதிக் கொடுத்த விதி இருக்கு. அத மீறிக் கேட்டா நாளைக்கு யாரு பதில் சொல்லுதது?"

"விதிய எழுதினது நீங்கதானே அண்ணாச்சி," என்றார். நக்கலாகச் சொல்லவில்லை. எனக்கு நினைவூட்டுவது போலத்தான் சொன்னார். ஆனால் எனக்கு நக்கலாகக் கேட்டது. "பாப்போம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இருபத்திரண்டு படி இறங்கினேன்.

அன்று மாலை ஆறரைக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைதாளை விரித்து உட்கார்ந்தேன். அவர் தவறு என்று நிறுவ வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நான்கு புள்ளிகளை வைத்தேன். ஒரு கோட்டில் விழுந்தன. அவர் ஐந்து என்று குத்துமதிப்பாகச் சொன்ன எல்லையை, பழைய சீற்றங்கள் ஏழின் அளவுகளை எடுத்துத் திருத்தினேன். சற்று மேலே போனது. கோட்டை நீட்டினேன். வியாழன், மாலை ஆறு மணி. அவருக்கும் எனக்கும் ஐந்து மணி நேரம்தான் வித்தியாசம். இரண்டில் எது நடந்தாலும், அன்றே கேட்டிருந்தால் கோள் அதைப் பார்த்திருக்கும்.

என் மனைவி கோமதி தட்டு வைக்க வந்தாள். "இதக் கொஞ்சம் எடுங்க. எவ்வளவு நேரமா ஒரே கோட்டப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"மைதீன் ஒண்ணு சொன்னாரு. அதச் சரிபாக்குதேன்."

"தப்பா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப செஞ்சுர வேண்டியதுதானே. எதுக்கு முகத்த இப்படி வச்சிருக்கீங்க?"

"செஞ்சா அது அவரு சொன்னதாப் போயிரும்."

அவள் தட்டை வரைதாளின் மேலேயே வைத்தாள். "அவரு சொன்னதுதானே," என்றாள்.

அந்தத் தாளின் மூலையில் குழம்புக் கறை இன்னும் இருக்கிறது. கேட்பதற்கான படிவம் இணையத்தில் ஒரு பக்கம்; நிரப்ப ஏழு நிமிடம். என் கணினி திறந்துதான் இருந்தது. மூடிவிட்டுச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெரியாமல் செய்த பிழைகள் எனக்கு நிறைய உண்டு. கையேட்டில் நான் எழுதியதில் பாதி அவற்றால் ஆனது. இது அந்தக் கணக்கில் வராது. திங்கள் இரவு உணவுக்கு முன்பே எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு விதி இருந்தது, அதன் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். விதிகளை நாம் எழுதுவது நம் அவசரத்திடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள. நம் பொறாமையைக் காத்துக்கொள்ளவும் அதே விதி நன்றாகவே பயன்படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுக்கும் பெயர் ஒழுங்கு.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் 2.1. விகிதம் முதல் முறையாக வரம்புக்குக் கீழே போனது. மைதீன் என்னைப் பார்த்தார். "இரண்டு நாள் தொடர்ந்து," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பலகைக்குப் போனார். அன்று ஆய்வகத்தில் அவர் விரல் தட்டும் சத்தம் கேட்கவில்லை.

புதன்கிழமை 3.2. விகிதம் இரண்டாம் நாளாகக் கீழே இருந்தது. பத்து நாற்பதுக்குப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: வெள்ளி மதியம் முதல். மைதீனிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"வெள்ளி," என்றார்.

"சில சமயம் தாமதமாகும் வே. உம்ம கணக்கு ஒரு நாள் தப்பலாம்லா?"

"தப்பணும்னுதான் நானும் நினைக்கேன் அண்ணாச்சி," என்றார். "தப்பினா உங்களுக்குக் கிடைச்சிரும்."

அவர் அதை மனமாரச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானாக இருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

வியாழன் காலையிலிருந்து தூறல். ஆட்டம் 4.7. முழு வானத்தையும் சுற்றிச் சுற்றிக் கண்காணிக்கும் கருவி ஒன்று உண்டு. தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை அது ஒவ்வோர் இடத்தையும் கடக்கும். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு இருபதுக்கு ஒன்றும் இல்லை. எனக்குள் ஒரு மகிழ்ச்சி எட்டிப்பார்த்தது என்பதை மறைக்கமாட்டேன். என் வாழ்நாளின் ஒரே வாய்ப்பு தப்பிப் போகவிருந்தது. நானோ மைதீனின் ஒரு மணி தவறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஐம்பதுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து இருபதுக்கு ஒன்றும் இல்லை. ஆறு ஐம்பதுக்கு வன் கதிர் பாதியாகச் சரிந்திருந்தது. மென் கதிர் இரு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

"போயிருச்சு அண்ணாச்சி," என்றார் மைதீன். அவ்வளவுதான் சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

செய்முறைத் தேர்வு வேலையாக இருந்த துறைத் தலைவி எட்டிப் பார்த்தார். பலகையைப் படித்தார். "மைதீன் அண்ணாச்சி சொன்ன அதே வியாழன்தான் போலிருக்கே சார். திங்கக்கெழமையே எழுதிட்டாங்களே," என்றார். "போட்டோ எடுத்து வைக்கணும். காலையில எடுக்கேன், இப்ப போன்ல சார்ஜ் இல்ல."

அவர் போனதும் நான் பலகையைத் துடைத்தேன். ஏழு எண்கள், ஒரு கிழமை, ஒரு நேரம், ஒரு கோடு. ஈரத்துணியை எடுத்து இரண்டாம் முறையும் துடைத்தேன்.

பிறகுதான் அது உறைத்தது. மாற்றம் நடந்தது ஐந்து இருபதுக்கும் ஆறு ஐம்பதுக்கும் இடையில். நான் திங்களன்று வரைதாளில் குறித்தது மாலை ஆறு. மைதீனின் கணக்கு ஐந்து மணி நேரம் முந்தியிருந்தது. என்னுடையது சரியாக நடுவில் விழுந்திருந்தது. என் முப்பத்து நான்கு ஆண்டில் நான் போட்ட மிகச் சிறந்த கணக்கு அதுதான். அவரை நான் வென்றிருந்தேன். அதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும்.

வெள்ளி காலை மைதீன் வந்தார். பலகையைப் பார்த்தார்.

"போர்ட நீங்களா துடைச்சீங்க அண்ணாச்சி?"

"ஆமா. பாடம் எடுக்க வேண்டியிருந்துச்சு."

வெள்ளிக்கிழமை அந்த அறையில் பாடம் கிடையாது. கால அட்டவணையைச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். "சரி," என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பலகையில் எதுவும் எழுதவில்லை.

மதியம் நம் கோள் திரும்பியது. நாற்பதாயிரம் விநாடியும் ஒன்றுகூடக் குறையாமல் கிடைத்தது. அவ்வளவு சுத்தமான தரவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆட்டம் இல்லை. நடுக்கமும் இல்லாததுபோலத்தான். உலகத்தில் வேறு யாரும் அந்த மாற்றத்தை முழுசாகப் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தபோது, அதிலும் எனக்கு ஓர் அற்ப நிம்மதி கிடைத்தது.

ஆட்டம் இல்லை என்பதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். பதினோரு பக்கம். குற்ற உணர்ச்சியில் மைதீன் பெயரை இரண்டாவதாகப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தார். பேனாவை வாங்கித் தன் பெயரை மட்டும் ஒரே கோட்டில் அடித்தார்.

"ஏன் வே?"

"நான் சொன்னது வியாழக்கிழமை அண்ணாச்சி. இது வெள்ளிக்கிழமைக் கட்டுரை. இதுல எனக்கு என்ன வேலை?"

நான்கு மாதத்தில் அவர் வள்ளியூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய்விட்டார். மனைவியின் ஊர் அது என்று காரணம் சொன்னார். பிரிவுபசாரத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பதினாறு வாக்கியம் பேசினேன். அதில் கருந்துளை என்ற சொல் வரவில்லை.

நான் ஓய்வு பெற்று ஏழாம் மாதம், அந்த வரைதாளை ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் நாகர்கோவில் பேருந்து ஏறினேன். நாங்குநேரி தாண்டும்வரை திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வள்ளியூரில் இறங்கி விசாரித்துப் போனேன். மைதீன் பட்டறையில், ஒரு தண்ணீர்ப் பம்பைப் பிரித்துப்போட்டு மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி," என்றார், நேற்றுப் பார்த்தவர்போல. சாயாவுக்குச் சொல்லிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

கோப்பைத் திறந்து தாளைக் கொடுத்தேன். மேல்மூலையில் தேதி இருந்தது, திங்கள் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவர் கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை ஓட்டினார். மாலை ஆறு மணி என்ற இடத்தில் விரல் நின்றது.

"அப்பவே தெரிஞ்சிருக்கு," என்றார்.

"ஆமா."

"என்னைய விடச் சரியாப் போட்டிருக்கீங்க."

"ஆமா வே."

அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தேன்.

"இத அன்னைக்கே கொண்டாந்து காட்டியிருந்தீங்கன்னா," என்றார், "என் ஒரு மணிய நானே அழிச்சிட்டு, உங்க ஆறு மணியத்தான் போர்டுல எழுதியிருப்பேன் அண்ணாச்சி."

சாயா வந்தது. குடித்தேன். அவர் தாளை மடிக்காமல் கோப்பில் வைத்துத் திருப்பித் தந்தார். "குழம்புக் கறைய என்ன செய்யுததுன்னு கேக்காதீங்க," என்றார். "அதுக்கு என்கிட்ட வழி இல்ல." இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பேருந்து நிலையம் வரை அவர் வந்து ஏற்றிவிட்டார்.

அந்த மாலைப் பேருந்தில் நான் யோசித்ததை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் யாரைத் தோற்கடிக்க அந்தக் கோட்டை வரைந்தேனோ, அவர் போட்டியிலேயே இருக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வியாழக்கிழமை. எனக்கு வேண்டியிருந்தது வியாழக்கிழமையைச் சொன்ன வாய்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் புதிய முன்மொழிவில், எப்போது கேட்பது என்ற விதி மாறியிருக்கிறது. ஆட்டம் தினம் எத்தனை மடங்காகிறது என்பதை வைத்துக் கேட்க வேண்டும்; இரண்டு நாள் காத்திருக்கத் தேவையில்லை. அந்த விதிக்குப் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயர் இருக்கிறது. கையேட்டின் அறுபத்தேழாம் பக்கத்திலும் இப்போது இருக்கிறது. வேகம் கூடத் தொடங்கினால் முதலில் வள்ளியூருக்குப் போன் செய்யுங்கள். எண் ஆய்வகக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. உங்கள் நால்வரில் எவர் முதலில் சரியாகச் சொன்னாலும் மற்ற மூவரும் அன்றே படிவத்தை நிரப்புங்கள். ஏழு நிமிட வேலை.

அந்தக் கருந்துளை அந்தச் சீற்றத்துக்குப் பின் அடங்கிப்போனது. மறுபடி எப்போது சீறும் என்று யாராலும் சொல்ல முடியாது. மைதீனாலும் முடியாது, கேட்டுப் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகும் தினம் காலை பத்து நாற்பதுக்குக் கண்காணிப்புக் கருவியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது. அது இன்னொரு முறை சீறுவதற்குள் நான் இருப்பேனா என்பது தனிக் கணக்கு, அதை நான் போடுவதில்லை.

கேட்காமல் நான் பிடித்துவைத்தது இரண்டு நாள். அதற்கு, அந்த வியாழன் முதல் இன்று காலை வரை ஆன மொத்தம்: இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு நாள்.